குறுக்கிட, வருத்தம் தெரிவிக்க, மீண்டும் கேட்க: ஆங்கில உரையாடலில் நேரும் பிழைகளும் அவற்றை நீக்கும் வழிகளும்

தமிழில் ஒருவரிடம் "சொல்லுங்கள்", "கொஞ்சம் இருங்கள்", "மறுபடியும் சொல்லுங்கள்" என்று ஏவல் வினையையே நேரடியாகப் பயன்படுத்தினாலும் மரியாதை குறைவதில்லை. வினையின் ஈற்றில் நிற்கும் விகுதியே அந்த மரியாதையைச் சுமந்துகொள்கிறது. ஆங்கில வினைக்கு அப்படிப்பட்ட விகுதி கிடையாது. "டெல் மீ", "வெயிட்", "ரிப்பீட்" ஆகியவை தம்பிக்கும் மேலதிகாரிக்கும் ஒரே வடிவத்தில்தான் போய்ச் சேரும்; முன்னால் ஒரு "ப்ளீஸ்" ஒட்டினாலும் அவை கட்டளையாகவே காதில் விழும். ஏவலைக் கேள்வியாக மாற்றுவது, "கேன்" என்பதற்குப் பதிலாக அதன் இறந்தகால வடிவமான "குட்" என்பதைப் போடுவது, கேட்பதற்கான காரணத்தை அரை வரியில் சொல்லிவிடுவது ஆகிய மூன்றும் சேர்ந்துதான் நம்முடைய "ங்க" செய்கிற வேலையை ஆங்கிலத்தில் செய்கின்றன. கீழே வரும் அறிகுறிகளில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இந்த வேறுபாட்டில்தான் இருக்கிறது.

மரியாதை மொழிக்குள் எவ்வாறு இயங்குகிறது என்று ஆராய்ந்த பெனலப்பி பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் 1978இல் வெளியிட்ட புகழ்பெற்ற ஆய்வு மூன்று மொழிகளை அடிப்படையாகக் கொண்டது: ஆங்கிலம், மெக்சிகோவின் செல்தால், கோயம்புத்தூர் மாவட்டத்துக் கிராமத் தமிழ். நெருக்கத்தைக் காட்டும் மரியாதை ஒன்று, பிறருடைய நேரத்திலும் பேச்சிலும் கைவைக்காமல் வழிவிட்டு நிற்கும் மரியாதை மற்றொன்று என்று அவர்கள் பிரித்தார்கள். குறுக்கிடுவதும் திரும்பச் சொல்லச் சொல்வதும் பிறர் பேச்சில் கைவைக்கும் செயல்கள் என்பதால், ஆங்கிலம் பேசுவோர் அந்த இடங்களில் இரண்டாம் வகையையே எதிர்பார்க்கிறார்கள்.

இவ்வழிமுறை, சென்னையிலோ கோவையிலோ உள்ள ஓர் அலுவலகத்தில் அமர்ந்து, பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் உள்ள வாடிக்கையாளர்களுடன் தொலைபேசியிலும் இணையவழிக் கூட்டத்திலும் பேசுகிறவரை முதன்மையாகக் கருதி எழுதப்பட்டது. உங்களுக்கு நேர்வது எதுவோ அந்தத் தலைப்புக்கு நேரே சென்றுவிடலாம்.

அறிகுறி: திரும்பச் சொல்லச் சொன்னதும் எதிரிலிருப்பவரின் குரல் இறுகிவிடுகிறது

நீங்கள் சொன்ன சொல் "வாட்?" என்பதா என்று முதலில் பாருங்கள். தமிழில் "என்ன?" என்று கேட்பதை "என்னங்க?" என்று மென்மையாக்கிவிட முடியும், "வாட்?" என்பதை மென்மையாக்க வழியில்லை. தனியாக நின்றால் அது "என்ன உளறுகிறாய்?" என்ற தொனியையும் எளிதில் பெற்றுவிடும். தொண்டைக்குள்ளிருந்து வரும் "ஆங்?" என்ற ஒலியும் இங்கே உதவாது. அந்த ஒலி தன்னளவில் இழிந்ததன்று. நெதர்லாந்தின் நைமேகன் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் உளமொழியியல் நிறுவனத்து ஆய்வாளர்கள் 31 மொழிகளை ஒப்பிட்டு, காதில் விழாததைக் கேட்பதற்கு இதுபோன்ற ஓரசை ஒலியே எல்லாவற்றிலும் வழங்குகிறது என்று 2013இல் காட்டினார்கள். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கான இக் நோபல் பரிசு 2015இல் அதற்குக் கிடைத்தது. வீட்டுக்குள்ளும் நண்பர்களிடையிலும் அது எங்கும் செல்லும். வாடிக்கையாளரிடம் செல்லாது.

மாற்றாகச் சொல்ல வேண்டியது: "சாரி, குட் யூ ஸே தட் அகெய்ன்?" என்ற ஒரே வாக்கியம். எந்த நாட்டிலும், எந்தப் பதவியில் இருப்பவரிடமும் இதைச் சொல்லலாம். "சாரி, ஐ டிடின்ட் கேட்ச் தட்" என்பதும் அதற்கு இணையானது. தவறு என் காதில்தான், உங்கள் வாயில் இல்லை என்று அது சொல்லாமல் சொல்லிவிடுகிறது.

நம் அலுவலகங்களில் மிகவும் பரவியிருக்கும் "கம் அகெய்ன்?" பற்றி ஒரு சொல். அது பிழையான ஆங்கிலம் அன்று. ஆனால் பிரிட்டனில் அது நண்பர்களிடையே வழங்கும் தளர்வான சொல்லாகவும், "நீ சொன்னதை நம்பவே முடியவில்லையே" என்ற வியப்புக் குறிப்பாகவும் கேட்கப்படும். விலைப் பட்டியலை வாசித்துக்கொண்டிருப்பவரிடம் அதைச் சொன்னால், விலையைக் கேட்டு நீங்கள் திடுக்கிட்டதாக அவர் நினைக்க இடமுண்டு.

"பார்டன்?" என்பதும் பள்ளியில் நமக்குச் சொல்லிக்கொடுக்கப்பட்டதுதான், தயங்காமல் பயன்படுத்தலாம். பிரிட்டனில் மட்டும் அதற்கு ஒரு வேடிக்கையான வரலாறு இருக்கிறது. பர்மிங்காம் பல்கலைக்கழக மொழியியலாளர் ஆலன் ராஸ் 1954இல் மேட்டுக்குடியினரின் பேச்சையும் மற்றவர்களின் பேச்சையும் பிரித்துக் காட்டியபோது, "பார்டன்" என்பது மற்றவர்களின் அடையாளம் என்றும், மேட்டுக்குடியினர் வெறும் "வாட்?" என்றே கேட்பார்கள் என்றும் பதிவுசெய்தார். அந்த வர்க்க நுணுக்கம் நமக்கு எந்த வகையிலும் தேவைப்படாது, பிரபுக்கள் சொல்கிறார்களே என்று "வாட்?" பக்கம் போக வேண்டாம் என்பதற்காகவே இதைச் சொல்ல நேர்ந்தது.

ஒரே எச்சரிக்கை: "ஐ பெக் யுவர் பார்டன்" என்பதையும், அமெரிக்கர்களிடம் "எக்ஸ்கியூஸ் மீ?" என்பதையும் அழுத்தமாகவும் நிறுத்தியும் சொன்னால் அவை "என்ன சொன்னாய்?" என்று சண்டைக்கு இழுக்கும் சொற்களாகிவிடும். மெதுவாகச் சொன்னால் குற்றமில்லை. ஆனால் இணைப்பு சரியில்லாத அழைப்பில், நாம் எல்லோரும் இயல்பாகவே குரலை உயர்த்தும்போது, இவ்விரண்டையும் தவிர்ப்பது நல்லது.

அறிகுறி: "சாரி" என்று கேட்டால், திரும்பச் சொல்லாமல் "நோ ப்ராப்ளம்" என்று பதில் வருகிறது

குரலின் ஏற்ற இறக்கம் தவறிவிட்டது. "சாரி" என்பது இறங்கி முடிந்தால் வருத்தம். ஏறி முடிந்தால் "மீண்டும் சொல்லுங்கள்". தமிழில் கேள்வியை "ஆ" என்ற விகுதியே காட்டிவிடுவதால், குரலை உயர்த்தாமலே கேள்வி கேட்டுப் பழகியிருக்கிறோம். இந்த ஏற்றம் வரவில்லையென்றால் அதைப் பயிற்சி செய்துகொண்டிருக்க வேண்டியதில்லை. "சாரி" என்பதோடு நிறுத்தாமல் முழு வாக்கியத்தையும் சொல்லிவிட்டால் ஏற்ற இறக்கம் எப்படி இருந்தாலும் பொருள் மாறாது.

அறிகுறி: திரும்பச் சொன்னார், அப்போதும் விளங்கவில்லை

மிக அடிக்கடி நேர்வது இதுதான். காரணம் பெரும்பாலும் கேட்டவரின் காதில் இல்லை, கேட்ட விதத்தில் இருக்கிறது. "குட் யூ ஸே தட் அகெய்ன்?" என்றால், எது விளங்கவில்லை என்பது எதிரிலிருப்பவருக்குத் தெரியாது, ஆகவே அவர் அதே சொற்களை அதே வேகத்தில், சற்று உரத்து மட்டும் சொல்வார். நீங்கள் தவறவிட்ட இடத்திலேயே மறுபடியும் தவறவிடுவீர்கள்.

உலகின் வெவ்வேறு பகுதிகளைச் சேர்ந்த 12 மொழிகளில் இயல்பான உரையாடல்களைப் பதிவுசெய்து 2015இல் வெளியான ஓர் ஆய்வு இங்கே கைகொடுக்கிறது. தாய்மொழியில் பேசிக்கொள்பவர்களேகூட சராசரியாக 1.4 நிமிடத்துக்கு ஒருமுறை ஒருவரையொருவர் நிறுத்தி, "என்ன சொன்னாய்?", "யார்?", "நாளைக்கா?" என்று சரிபார்த்துக்கொள்கிறார்கள். மீண்டும் கேட்பது மொழியறியாதவரின் குறைபாடு அன்று என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை. அதே ஆய்வின் மற்றொரு முடிவு இன்னும் பயனுள்ளது: தமக்கு எவ்வளவு விளங்கியதோ அவ்வளவையும் பயன்படுத்தி, இயன்ற அளவு குறிப்பான கேள்வியையே மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். எல்லாம் போய்விட்டால்தான் "ஆங்?", பாதி கிடைத்திருந்தால் "யார் வருகிறார்?", முக்கால்வாசி கிடைத்திருந்தால் "நாளைக்குத்தானே?".

ஆங்கிலத்தில் பேசும்போது இந்த இயல்பைப் பலரும் கைவிட்டுவிடுகிறார்கள். முக்கால்வாசி விளங்கியிருந்தும், கிடைத்த முக்காலையும் மறைத்துவிட்டு, ஒன்றுமே விளங்காதவரைப்போல முதலிலிருந்து சொல்லச் சொல்கிறார்கள். செய்ய வேண்டியது நேர்மாறானது: கிடைத்ததைத் திருப்பிக் கொடுத்து, கிடைக்காததை மட்டும் கேளுங்கள்.

நாள் மட்டும் தவறியிருந்தால், "சாரி, ஐ மிஸ்ட் த டேட். டெலிவரி இஸ் ஆன் விச் டே?" என்று கேட்கலாம். ஆள் தெரியவில்லையென்றால், "ஹூ டிட் யூ ஸே வில் சைன் இட்?" என்பது போதும். சொல் காதில் விழுந்தும் பொருள் தெரியவில்லையென்றால் திரும்பச் சொல்லச் சொல்வதில் பயனே இல்லை, "வாட் டூ யூ மீன் பை..." என்று தொடங்கி அந்தச் சொல்லை அப்படியே சொல்லுங்கள். இந்தத் தொடருக்கு முன்னால் "சாரி" இல்லாவிட்டால் அது வழக்காடுவதுபோல் ஒலிக்கும் என்பதையும் கவனியுங்கள்.

எண்களுக்குத் தனிக் கவனம் தேவை. பதினைந்தைக் குறிக்கும் "ஃபிஃப்டீன்" என்பதில் அழுத்தம் பெரும்பாலும் இரண்டாம் அசையிலும், ஐம்பதைக் குறிக்கும் "ஃபிஃப்டி" என்பதில் முதல் அசையிலும் விழும். பேச்சின் ஓட்டத்தில் முன்னதன் அழுத்தம் இடம் மாறியும் விடுவதால் அதை மட்டும் நம்ப முடியாது. "இஸ் தட் ஒன் ஃபைவ், ஆர் ஃபைவ் ஸீரோ?" என்று இலக்கம் இலக்கமாகக் கேட்பதே பாதுகாப்பானது. நேரத்தைச் சொல்லும்போது பிரிட்டானியர்கள் "ஹாஃப் செவன்" என்பார்கள். அது ஏழரை மணி. அமெரிக்கர் எழுதும் 4/5 என்பது ஏப்ரல் 5. பிரிட்டனில் அதுவே மே 4. எனவே தேதியை எப்போதும் மாதத்தின் பெயரோடு திருப்பிச் சொல்லிச் சரிபார்க்க வேண்டும்.

பெயர்களையும் முகவரிகளையும் தொலைபேசியில் எழுத்தெழுத்தாகக் கேளுங்கள்: "குட் யூ ஸ்பெல் தட் ஃபார் மீ, ப்ளீஸ்?" பழைய வகைத் தொலைபேசி இணைப்பு ஏறத்தாழ 300 முதல் 3,400 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலியை மட்டுமே கடத்துகிறது. "எஸ்", "எஃப்" ஆகிய எழுத்துகளைப் பிரித்துக்காட்டும் உரசொலியின் பெரும்பகுதி அதற்கு மேலே இருப்பதால், எவ்வளவு கூர்ந்து கேட்டாலும் அவை ஒன்றுபோலவே கேட்கும். அதனால்தான் "எஸ் ஃபார் சியரா", "எஃப் ஃபார் ஃபாக்ஸ்ட்ராட்" என்று சொல்லும் வழக்கம் நிலைத்திருக்கிறது.

வேகம் ஒரு தடையாக இருந்தால் "யூ ஆர் ஸ்பீக்கிங் டூ ஃபாஸ்ட்" என்று சொல்லாதீர்கள், அது குற்றச்சாட்டு. "ஐம் டேக்கிங் நோட்ஸ். குட் யூ கோ எ லிட்டில் ஸ்லோவர்?" என்றால், குறிப்பெடுப்பது என்ற காரணம் முன்னால் வந்து நிற்பதால், அவருடைய பேச்சைப் பற்றிய குறை எதுவும் சொல்லப்படவில்லை. கிளாஸ்கோக்காரரின் உச்சரிப்பையோ டெக்ஸாஸ்காரரின் உச்சரிப்பையோ "யுவர் ஆக்சென்ட்" என்று சுட்டவே கூடாது. நம் உச்சரிப்பை யாராவது அப்படிச் சுட்டினால் நமக்கு எப்படி இருக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே.

இரண்டு முறை கேட்டும் பிடிபடவில்லையென்றால் மூன்றாவது முறை அதே வழியில் கேட்காமல் வழியை மாற்றுங்கள்: "வுட் யூ மைண்ட் டைப்பிங் தட் இன் த சாட்?" இந்த "வுட் யூ மைண்ட்" என்ற தொடரை மற்றவர் உங்களிடம் சொல்லும்போது ஒரு பொறி இருக்கிறது. "உங்களுக்கு ஆட்சேபம் உண்டா?" என்பதே அதன் பொருள், எனவே உதவ விரும்பினால் "நோ, நாட் அட் ஆல்" என்று சொல்ல வேண்டும். பணிவாக "யெஸ்" என்று மட்டும் சொல்லி நிறுத்திவிட்டால், ஆட்சேபம் இருக்கிறது என்று ஒரு கணமாவது அவர் திகைப்பார்.

விமானிகளும் கட்டுப்பாட்டு அறையினரும் மீண்டும் கேட்க "ஸே அகெய்ன்" என்ற இரு சொற்களையே பயன்படுத்துகிறார்கள். பீரங்கிப் படையினரின் வானொலி மொழியில் "ரிப்பீட்" என்றால் முன்போலவே மீண்டும் சுடு என்று பொருள். நமக்கு அந்த ஆபத்து கிடையாது. இருந்தாலும் "ரிப்பீட்" சற்று விறைப்பான சொல்தான். "கேன் யூ ரிப்பீட் அகெய்ன்" என்று இருமுறை மீண்டும் சொல்ல வைப்பதையாவது தவிர்க்கலாம்.

அறிகுறி: விளங்காமலே "யெஸ், யெஸ்" சொல்லிவிட்டோம், இப்போது பின்வாங்க வழி தெரியவில்லை

தமிழில் ஒருவர் பேசும்போது நாம் "ம்" கொட்டுவதும் "சரி, சரி" என்பதும் "கேட்டுக்கொண்டிருக்கிறேன்" என்பதற்கு மட்டுமே அடையாளம். அதையே "யெஸ், யெஸ், ஓகே" என்று பெயர்த்து இடையிடையே போட்டால், எதிரிலிருப்பவர் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்வார். கூட்டம் முடிந்ததும் வரும் மின்னஞ்சலில், நீங்கள் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தர இசைந்ததாக எழுதியிருக்கும். கேட்டுக்கொண்டிருப்பதைக் காட்ட "ம்ஹ்ம்", "ரைட்", "ஐ ஸீ" போன்றவற்றை வைத்துக்கொண்டு, "யெஸ்" என்பதை உண்மையான இசைவுக்காகப் பாதுகாத்து வையுங்கள்.

சொல்லியாகிவிட்டது என்றால், பேச்சு முடிவதற்குள் திரும்பிச் செல்லலாம்: "கேன் ஐ கோ பேக் டு சம்திங் யூ மென்ஷன்ட் அர்லியர்?" அடுத்து, "ஜஸ்ட் டு மேக் ஷுர் ஐவ் காட் திஸ் ரைட்" என்று தொடங்கி, உங்களுக்கு விளங்கியதை உங்கள் சொற்களில் சொல்லிவிடுங்கள். தவறாக இருந்தால் அவரே திருத்துவார். முன்னே தலையாட்டியதைப் பற்றி விளக்கம் கொடுக்கத் தேவையே இல்லை. யாரும் கேட்கப் போவதில்லை.

இங்கே "ஐ ஹேவ் எ டவுட்" என்று தொடங்குவது நம்மவர்களின் கைப்பழக்கம். நமக்கு அது "ஒரு சந்தேகம்". வகுப்பறையில் கைதூக்கும் பிள்ளை சொல்வது. இந்தியாவுக்கு வெளியே அது "நீங்கள் சொல்வதை நான் நம்பவில்லை" என்று கேட்கும். "ஐ ஹேவ் எ க்வெஸ்டின்" என்று மாற்றிக்கொள்ளுங்கள்.

அறிகுறி: பேச்சுக்குள் நுழைய இடமே கிடைக்கவில்லை

பேசுபவர் முடிக்கட்டும் என்று காத்திருக்கிறீர்கள். முடித்ததும் வேறொருவர் தொடங்கிவிடுகிறார். பிறகு பொருளே மாறிவிடுகிறது. முன்பு குறிப்பிட்ட நைமேகன் நிறுவனத்தார் 10 மொழிகளில் அளந்து 2009இல் வெளியிட்ட கணக்கின்படி, கேள்விக்கும் விடைக்கும் இடையே உள்ள இடைவெளி சராசரியாக ஏறத்தாழ 200 மில்லிவிநாடி. அதாவது ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த இடைவெளிக்குள் ஒரு வாக்கியத்தை யோசித்து உருவாக்க எவராலும் முடியாது. எல்லோரும் முன்னவர் பேசிக்கொண்டிருக்கும்போதே தம் தொடக்கத்தை ஆயத்தம் செய்துகொள்கிறார்கள். இணைய அழைப்பில் சிக்கல் இன்னும் கூடுகிறது. குரல் ஒரு பக்கம் போய்ச் சேர 150 மில்லிவிநாடிக்கு மேல் ஆகக் கூடாது என்பது சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அந்த எல்லைக்குள் இருந்தால்கூட, அங்கே விழுந்த இடைவெளி உங்கள் காதுக்கு வந்து உங்கள் குரல் திரும்பிச் சென்றடைவதற்குள் அது மூடியிருக்கும்.

ஆகவே, மௌனத்துக்காகக் காத்திருப்பவருக்கு இடம் கிடைக்காது. முதல் நான்கு சொற்களை மனப்பாடமாக வைத்திருப்பதே வழி. என்ன கேட்கப்போகிறோம் என்பது பிறகு வரட்டும். நுழையும் தொடர் மட்டும் யோசிக்காமல் வாயில் வர வேண்டும். பேசுபவரின் பெயரை முதலில் வையுங்கள், ஏனென்றால் தன் பெயர் காதில் விழுந்தால் யாரும் ஒரு கணம் நிற்பார்கள். பிறகு "சாரி டு இண்டரப்ட்", அதன் பின் எவ்வளவு நேரம் எடுப்பீர்கள் என்ற அளவு: "ஜஸ்ட் ஒன் க்விக் க்வெஸ்டின்". ஒலிவாங்கியை முன்கூட்டியே திறந்து வைத்திருங்கள். வாக்கியம் முடியும் இடத்தில் நுழைவதுதான் நாகரிகம். வாக்கியத்தின் நடுவில், "எக்ஸ்கியூஸ் மீ" என்று சொல்லிக்கொண்டே நுழைந்தாலும் அது வெட்டுவதுதான்.

சேர்ந்து பேச விரும்பினால் "கேன் ஐ ஜஸ்ட் கம் இன் ஹியர்?" என்பதும், கூடுதலாக ஒன்றைச் சொல்ல "குட் ஐ ஆட் சம்திங்?" என்பதும் நன்கு பொருந்தும். பொருள் மாறப்போகிறது என்று தோன்றினால் "பிஃபோர் வீ மூவ் ஆன்" என்ற தொடருக்கு நிகரானது எதுவும் இல்லை; அது யாரையும் வெட்டுவதில்லை, கூட்டத்தை மட்டும் நிறுத்துகிறது. "கேன் ஐ ஸ்டாப் யூ தேர்?" என்பது கூட்டத்தை நடத்துபவர் சொல்ல வேண்டிய தொடர், இளையவர் வாயில் அது பொருந்தாது. உங்கள் கேள்வி முடிந்ததும் பேச்சை உரியவரிடம் திருப்பிக் கொடுங்கள்: "தேங்க்ஸ். சாரி, யூ வேர் ஸேயிங்..." இந்தக் கடைசிப் பகுதியைப் பலரும் விட்டுவிடுகிறார்கள். குறுக்கிட்டதை மறக்கச் செய்வது அதுதான்.

பெரியவர் பேசும்போது இடையில் பேசக் கூடாது என்ற வளர்ப்பு நமக்கு உண்டு. அதை இழிவாகப் பேசுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஆனால் பிரிட்டனிலோ அமெரிக்காவிலோ உள்ள குழுவோடு நடக்கும் கூட்டத்தில் மௌனம் மரியாதையாகப் பதிவாவதில்லை, உடன்பாடாகப் பதிவாகிறது. வாய் திறக்கத் தயக்கமாக இருந்தால் கூட்டச் செயலியில் உள்ள கையுயர்த்தும் பொத்தானைப் பயன்படுத்துங்கள், அல்லது சாட்டில் ஒரு வரி எழுதுங்கள்.

இருவரும் ஒரே நேரத்தில் தொடங்கிவிட்டால் "சாரி, கோ அஹெட்" என்று ஒருமுறை விட்டுக்கொடுங்கள். அவரும் "நோ, யூ கோ" என்றால் உடனே பேசிவிட வேண்டும். மீண்டும் விட்டுக்கொடுத்தால் இருவரும் மாறி மாறி வழிவிட்டு நின்றுகொண்டே இருப்பீர்கள்.

அறிகுறி: மன்னிப்புக் கேட்டும் கோபம் தணியவில்லை

நம் ஊரில் தெரியாமல் ஒருவர்மேல் கால் பட்டுவிட்டால் அவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்கிறோம். வாயால் எதுவும் சொல்லாவிட்டாலும் செய்தி போய்ச் சேர்ந்துவிடும். நெருங்கியவர்களிடம் "மன்னியுங்கள்" என்பது சற்று அந்நியமாகவே ஒலிக்கும். ஆங்கிலத்தில் வாயால் சொன்னால்தான் கணக்கு. லண்டன் பேருந்தில் நீங்கள்தான் இடிபட்டவர் என்றாலும் "சாரி" என்று சொல்வது வழக்கம். வழி விடச் சொல்லும்போது, அதாவது தொந்தரவுக்கு முன்னால், "எக்ஸ்கியூஸ் மீ". இடித்த பிறகு "சாரி". அமெரிக்காவில் இடித்த பிறகும் "எக்ஸ்கியூஸ் மீ" செல்லும்.

வேலையில் நேர்ந்த தவறுக்கான மன்னிப்பு வேறு வகை. அது எடுபடாமல் போகும் விதங்கள் சில உண்டு. முதலாவது, எண்ணிக்கை: "சாரி சார், எக்ஸ்ட்ரீம்லி சாரி சார், வெரி சாரி" என்று அடுக்கினால், மன்னிப்புக் கேட்பவரைத் தேற்றும் வேலையும் எதிரிலிருப்பவர் தலையில் விழுகிறது. இரண்டாவது, உருத்தெரியாத தன்மை: "சாரி ஃபார் த இன்கன்வீனியன்ஸ் காஸ்ட்" என்ற தொடரில் யார், என்ன செய்தார், யாருக்கு என்ன நேர்ந்தது என்ற எதுவுமே இல்லை, மின்தூக்கி பழுதானால் ஒட்டும் அறிவிப்புக்கு அது போதும், மனிதருக்குப் போதாது. மூன்றாவது, வாலில் ஒட்டும் "பட்": "சாரி, பட் த சர்வர் வாஸ் டவுன்" என்றதும் மன்னிப்பு மறைந்து சாக்கு மட்டும் நிற்கும். "இஃப் யூ வேர் அஃபெக்டட்" என்று "இஃப்" போடுவதும் அப்படித்தான். பாதிக்கப்பட்டதாகச் சொல்லித்தானே அவர் அழைத்திருக்கிறார்.

வேலை செய்யும் மன்னிப்பு பெரும்பாலும் சுருக்கமானது: நேர்ந்தது, அதனால் அவருக்கு ஏற்பட்டது, இனி செய்யப்போவது. "ஐம் சாரி த ரிப்போர்ட் வாஸ் லேட். ஐ நோ யூ நீடட் இட் ஃபார் யுவர் மார்னிங் மீட்டிங். ஐ வில் செண்ட் த நெக்ஸ்ட் ஒன் த டே பிஃபோர்." ஒரே ஒரு "சாரி". காரணம் கேட்டால் சொல்லுங்கள். கேட்காமல் சொன்னால் சாக்கு. தாமதமாக வந்ததற்கு "சாரி ஃபார் லேட்" என்பது வழுவான வாக்கியம். "சாரி ஐம் லேட்" என்பதே போதும். சிறிய காத்திருப்புக்கு மன்னிப்பைவிட நன்றி பொருந்தும்: "தேங்க் யூ ஃபார் வெயிட்டிங்".

இன்னொரு குழப்பம்: நீங்கள் எதுவும் செய்யாதபோதே ஒருவர் உங்களிடம் "ஐம் சாரி" என்பது. உறவினர் இறந்ததையோ உடல்நலக் குறைவையோ சொன்னால் "ஐம் சாரி டு ஹியர் தட்" என்பார்கள். அது பொறுப்பேற்பு அன்று, பரிவு. "இட்ஸ் நாட் யுவர் ஃபால்ட்" என்று பதில் சொல்லாமல் "தேங்க் யூ" என்று ஏற்றுக்கொள்ளுங்கள். இந்த இரட்டைப் பொருள் நீதிமன்றம் வரை சென்றிருக்கிறது. மன்னிப்புக் கேட்டதாலேயே ஒருவர் தவறை ஒப்புக்கொண்டதாகாது என்று இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிக்கான 2006ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் இரண்டாம் பிரிவு கூறுகிறது. தமிழர்கள் பெருந்தொகையாக வாழும் டொரண்டோ நகரை உள்ளடக்கிய ஒண்டாரியோ மாகாணத்தில் 2009இல் இதற்கென்றே தனிச் சட்டம் வந்தது. விபத்து நடந்த இடத்தில் "சாரி" சொன்னால் வழக்கில் மாட்டிக்கொள்வோம் என்று அங்குள்ள உறவினர் யாரேனும் அஞ்சினால் இதைச் சொல்லலாம்.

மற்றவர் மன்னிப்புக் கேட்டால் "மென்ஷன் நாட்" என்று சொல்லாதீர்கள். வெளிநாட்டில் பலருக்கு அது விளங்காது, விளங்கினாலும் அது நன்றிக்கான பதில். "தட்ஸ் ஆல் ரைட்" அல்லது "நோ வொரீஸ்" என்று சொல்லிவிட்டு அடுத்த பொருளுக்குச் சென்றுவிடலாம்.

அறிகுறி: மென்மையாகச் சொன்னோம், யாரும் பொருட்படுத்தவில்லை

மேலே சொன்ன மென்மை எல்லாவற்றையும் ஒதுக்கிவைக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. 1990 ஜனவரி 25 அன்று கொலம்பியாவிலிருந்து நியூயார்க் வந்த ஆவியாங்கா 52 விமானம், நெரிசலாலும் மோசமான வானிலையாலும் நெடுநேரம் வானில் காத்திருக்க வைக்கப்பட்டு, எரிபொருள் தீர்ந்து லாங் தீவில் விழுந்தது; அதிலிருந்த 158 பேரில் 73 பேர் இறந்தார்கள். ஆங்கிலத்தில் பேசிக்கொண்டிருந்த துணை விமானி, முன்னுரிமை வேண்டும் என்றார். எரிபொருள் தீர்ந்துகொண்டிருக்கிறது என்பதையும், கட்டுப்பாட்டு அறையின் உத்தரவை ஏற்பதற்கான பதிலின் வாலில், "சார்" சேர்த்துச் சொன்னார். கட்டுப்பாட்டு அறையினரை உடனே எழுந்து நிற்கச் செய்யும் "எமர்ஜென்சி" என்ற சொல்லை மட்டும் கடைசி வரை சொல்லவில்லை. அவசரநிலையை அறிவிக்காததை விசாரணை அறிக்கை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகக் குறிப்பிட்டது.

அலுவலகத்தில் உயிர் போகும் நிலை அரிது, ஆனால் தவறான கோப்பு வாடிக்கையாளருக்குச் சென்றுகொண்டிருக்கும்போது, "சாரி, ஐ வாஸ் ஜஸ்ட் வொண்டரிங்..." என்று தொடங்கினால் அதற்குள் சென்றுவிடும். பெயரைச் சொல்லி "ப்ளீஸ் ஸ்டாப்" என்று நிறுத்துங்கள், காரணம் அடுத்த வாக்கியத்தில் வரட்டும்: "தட் இஸ் த ராங் ஃபைல்." மின்னஞ்சலில் என்றால் தலைப்பு வரியிலேயே "அர்ஜென்ட்" என்ற சொல்லையும் கெடு நேரத்தையும் எழுதுங்கள், "கைண்ட்லி டூ த நீட்ஃபுல்" என்று முடித்தால் என்ன செய்ய வேண்டும் என்பதே தெரியாது. பிரிட்டனில் 999 எண்ணையோ அமெரிக்காவில் 911 எண்ணையோ அழைத்தால், வணக்கமும் வருத்தமும் சொல்லாமல், எந்த உதவி வேண்டும், எந்த இடத்துக்கு என்பதை முதலில் சொல்லுங்கள். அங்கே கேள்வி கேட்பவர் உங்களை இடைமறித்துக்கொண்டே இருப்பார். அது அவருடைய வேலை, அவர் கேட்டதற்கு மட்டும் விடை சொல்லிக்கொண்டு போங்கள்.